ஊசல் பருவம்

பிள்ளைத்தமிழ் இலக்கணத்தை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது பத்துப் பருவங்களின் பட்டியலை மட்டும்தான். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலுக்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். தேர்வுக்கு இவ்வளவு போதும். பாட்டியல் நூல்கள் சொல்லும் இன்னொரு விதி உண்டு. அதை எவரும் வினாத்தாளில் கேட்பதில்லை. பிள்ளைக்கவியில் கொலைச் செய்தி வரலாகாது. காப்புப் பருவத்தில் தெய்வங்களைக் காவலுக்கு அழைக்கும்போதுகூட, அவர்கள் பகைவரைக் கொன்ற கதைகளை நீக்கியே அழைக்க வேண்டும். காக்கும் கடவுள் என்பதால் திருமாலை முதலில் வைக்க வேண்டும். குழந்தை இருக்கும் இடத்தில் சாவு என்ற பேச்சே எழக்கூடாது என்று நம் முன்னோர் எண்ணியிருக்கிறார்கள்.

சாவைப் பாட நம்மிடம் இலக்கணம் இல்லாமல் இல்லை. மன்னன் மாய்ந்தால் கையறுநிலை. மறவன் வீழ்ந்தால் நடுகல். புரவலனை இழந்தால் இரங்கற்பா. குழந்தை இறந்தால்? புறநானூற்றின் 74ஆம் பாட்டில் சேரமான் கணைக்கால் இரும்பொறை, தம் குடியில் குழந்தை இறந்து பிறந்தாலும் அதை வாளால் கீறியே அடக்கம் செய்வார்கள் என்கிறான். அங்கும் இறந்தது வீரனாக்கப்பட்ட பிறகே கணக்கில் சேர்கிறது. குழந்தை குழந்தையாகவே இறப்பதற்கு இடம் இல்லை.

நான் எழுத விரும்புவது நான்கரை வயதில் இறந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றி. அவள் என் அக்காவின் மகள். அவளுடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "வீட்டுல தினமும் கூப்பிடுற பேரு. அது வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள். எனவே வீட்டில் எல்லோரும் அழைத்ததுபோல அவளைப் பாப்பா என்றே குறிப்பிடுகிறேன்.

*

அவள் வாழ்ந்ததற்கு அரசு கொடுத்த சான்றுகள் இரண்டு. பிறப்புச் சான்றிதழில் 1997 பிப்ரவரி, அரியலூர், பெரம்பலூர் மாவட்டம் என்று இருக்கிறது. இறப்புச் சான்றிதழில் 2001 செப்டம்பர், அரியலூர் மாவட்டம். பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்தது. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. பாப்பா பிறந்ததற்கும் இறந்ததற்கும் இடையில் அவள் வீடு இருந்த இடத்தைவிட்டு ஓர் அடியும் நகரவில்லை. சான்றிதழ்களை மட்டும் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அவள் ஒரு மாவட்டத்தில் பிறந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போய் இறந்தவளாகத் தெரிவாள்.

வீடு அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி செல்லும் பக்கத்தில் ஒரு சிற்றூர். மாமா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். அரியலூர்ச் சீமையில் பாதிக் குடும்பங்களின் சோறு அந்தக் கல்லில் இருந்துதான் வந்தது. அந்தக் கல் ஒரு காலத்தில் கடலின் அடித்தரை. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கிடந்த சிப்பிகள் கல்லாகி, இன்றும் மண்ணுக்கு மேலேயே கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய நிலவியலாளர்கள் வந்து பொறுக்கிக்கொண்டு போய் நூல்கள் எழுதினார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவை சொப்புச் சாமான்கள். வளைந்து தடித்த சிப்பியைக் கிண்ணமாக வைத்து மண் சோறு ஆக்குவார்கள். பாப்பாவிடம் அப்படி ஒரு பதினைந்து சிப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றும் யார் யாருடைய தட்டு என்பதில் அவளுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. என்னுடையது ஓரம் உடைந்தது. முதுகலை படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறையில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த உடைந்த தட்டில்தான் சாப்பிட வேண்டும்.

பிடிவாதக்காரி. இறந்த குழந்தைகள் எல்லாம் தேவதைகளாகவே நினைவுகூரப்படுகிறார்கள். பாப்பா தேவதை அல்லள். வேர்க்கடலை மிட்டாய்க்காகத் தெருவில் புரண்டு அழுவாள். பக்கத்து வீட்டுப் பையனின் கையைக் கடித்துவிட்டு, அவன்தான் கடித்தான் என்று சாதிப்பாள். அம்மாயி கதை சொல்லும்போது நடுவில் ஒரு வரி மாறினால் எழுந்து போய்விடுவாள். இவற்றையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. அவளை நோயாளியாக மட்டும் நினைவு வைத்திருப்பவர்கள் ஊரில் அதிகம். நோய் அவள் வாழ்வில் ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். அதற்கு முன்னால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருந்தன.

*

1999 டிசம்பரில் காய்ச்சல் வந்தது. வந்து, போய், மறுபடியும் வந்தது. முகம் வெளுத்தது. விழாமலேயே காலில் கருநீலத் தழும்புகள் தோன்றின. பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. திருச்சியில் இரத்தம் சோதித்த மருத்துவர், மாமாவைத் தனியே அழைத்துச் சென்னைக்குப் போகச் சொன்னார். லுகேமியா என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் அன்றுதான் நுழைந்தது. அம்மாயி அதை ஒரு நாளும் சொன்னதில்லை. "அந்தக் காய்ச்சல்" என்பாள்.

எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் இரத்த அணுக்களை உண்டாக்கும் இடம். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இவ்வகை லுகேமியாவில், முதிராத வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்கின்றன. சிவப்பணுக்களுக்கு இடம் இல்லாததால் வெளுப்பு. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்கு இடம் இல்லாததால் தழும்பும் கசிவும். நோயை எதிர்க்கும் நல்ல வெள்ளணுக்களுக்கு இடம் இல்லாததால் ஓயாத காய்ச்சல். இதைச் சென்னையில் ஒரு செவிலியர் அக்காவுக்கு விளக்கிய விதத்தை மறக்க முடியாது. "நெல்லு வயல்ல கோரை ஏறிட்டா எப்படி இருக்கும்மா, அது மாதிரி" என்றார். அக்காவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கோரையை எப்படி எடுப்பது என்று மட்டும் கேட்டாள்.

அரியலூர் ரயில் நிலையத்திலிருந்து எழும்பூருக்குப் போவதும் வருவதுமாக ஓர் ஆண்டு. அக்காவின் சங்கிலி போயிற்று. பசுவும் கன்றும் போயின. ஒன்றரை ஏக்கர் மானாவாரி அடமானத்துக்குப் போயிற்று. முதல் மாத சிகிச்சையிலேயே பாப்பாவின் முடி உதிர்ந்தது. மருத்துவமனையில் முதுகுத்தண்டில் மருந்து ஏற்றும் நாள்களில் அவள் சிப்பிகளில் இரண்டைக் கையில் பிடித்துக்கொள்வாள். அவற்றைக் கீழே வைக்கச் சொன்ன ஒருவரிடம், "இது எங்க ஊர்க் கல்லு, இதுக்கு வலிக்காது" என்றாளாம். அது ஆறுதலா வாதமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மார்ச் மாதத்தில் மஜ்ஜையில் கெட்ட அணுக்கள் தென்படவில்லை என்றார்கள். நோய் தணிந்திருக்கிறது, தீர்ந்துவிட்டது என்று பொருள் அல்ல, இரண்டு ஆண்டுகளாவது மருந்து தொடர வேண்டும் என்று எச்சரித்தார்கள். ஊருக்குத் திரும்பியபோது பேருந்தில் ஒரு பெண் அவளது தலையைத் தடவி, "எந்தக் கோயிலுக்குக் கண்ணு மொட்டை?" என்று கேட்டாள். பாப்பா சற்றும் தயங்காமல் "மெட்ராசுக்கு" என்றாள். பேருந்தே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தக் கோடையில்தான் ஊஞ்சல் வந்தது. தூளியில் ஆடும் வயது கடந்துவிட்டது, மரத்தில் கட்டு என்று பாப்பா கேட்டாள். மாமா லாரியில் பாரம் கட்டும் கயிற்றை வேம்பின் கிளையில் கட்டி, ஒரு பலகையைக் கோத்துக் கொடுத்தார். தழும்பு விழும், இரத்தம் கட்டும் என்று எல்லோரும் பயந்தோம். மாமா மட்டும் ஆட்டிவிட்டார். பின்னாலிருந்து தள்ளாதே, முன்னாலிருந்து காலைப் பிடித்துத் தள்ளு, உன் முகம் தெரியவேண்டும் என்பது அவளது நிபந்தனை. அவர் அப்படியே செய்தார். லாரிக்குப் போகும் முன் ஒருமுறை, வந்த பின் ஒருமுறை. பதினான்கு மாதங்கள் அந்த ஊஞ்சல் ஆடியது.

வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை, சிறிய மஞ்சள் மாத்திரைகள் ஐந்து. வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாத்திரை என்றே அதற்குப் பெயர். மற்ற மருந்துகளுக்கு அழுபவள் இதற்கு அழுததில்லை. மருந்தைவிடப் பழம் பெரிது என்பது அவள் கணக்கு.

2001 ஜூனில் நோய் திரும்பியது. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே திரும்பினால் வழி குறுகிவிடும் என்று மருத்துவர்கள் பொறுமையாகச் சொன்னார்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சை என்ற ஒன்று உண்டு என்றும் சொன்னார்கள். அதன் செலவைக் கேட்டுவிட்டு வெளியே வந்த மாமா, மருத்துவமனை வாசலில் நின்ற ஒரு லாரியின் சக்கரத்தில் சாய்ந்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆகஸ்டில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். செப்டம்பரில் ஒரு விடியற்காலை, அக்கா விசிறிக்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்றது. முந்தின மாலை வேர்க்கடலை மிட்டாய் கேட்டு, ஒரு கடி கடித்து, நமுத்துப்போயிருக்கிறது என்று துப்பியிருந்தாள்.

*

எங்கள் பக்கத்தில் குழந்தைச் சாவுக்கு மேளம் இல்லை. பாடை இல்லை. மாமா கையிலேயே தூக்கிக்கொண்டு நடந்தார். எரிப்பதில்லை, ஓடைக்கரையில் புதைப்பதுதான். பெண்கள் தெருமுனை வரைதான். மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள். பதினாறாம் நாள் இல்லை. ஆண்டுத் திதி இல்லை. கல் நடவில்லை. படம் மாட்டக்கூடாது என்றார்கள். பெரியவர்களுக்குச் செய்யும் எதுவும் குழந்தைக்குச் செய்யப்படுவதில்லை. செய்தால் அது வீட்டையே சுற்றும் என்பது நம்பிக்கை. இறப்பைப் பதிந்த படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் கிராம நிர்வாக அலுவலர் ஒரு சிறு கோடு போட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: மறந்துவிடு. கெட்ட எண்ணத்தில் சொன்னவர் ஒருவரும் இல்லை. வந்த கிழவிகளில் பலர் தாங்களும் ஒன்று இரண்டு பறிகொடுத்தவர்கள். வயிற்றுப்போக்கு, அம்மை, கக்குவான், பெயர் தெரியாத காய்ச்சல் என்று பிள்ளைகளை வரிசையாக இழந்த தலைமுறை அது. அவர்களுக்கு மறதி ஒரு தப்பிக்கும் வழி அல்ல, பிழைக்கும் வழி. மறுநாள் களையெடுக்கப் போக வேண்டும், மிஞ்சிய பிள்ளைகளுக்கு உலை வைக்க வேண்டும். அதனால் சடங்கும் அவர்களுக்கு இசைவாகச் சுருக்கமாக இருந்தது. என் அம்மாவுக்கே எனக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து ஏழாம் மாதம் இறந்தது. அதன் பெயரை நான் கேட்டது பாப்பா இறந்த அன்று. அம்மா அழும்போது இரண்டு பெயர்களைச் சொல்லி அழுதாள். இருபத்தைந்து ஆண்டுகள் அவள் அந்தப் பெயரை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாளே யாரோ ஊஞ்சல் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். துணிகளை மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்தினார்கள். சிப்பிகளை வேலி ஓரம் கொட்டிவிட்டார்கள். கல்லோடு கல்லாக அவை கலந்துவிட்டன. அக்காவால் காப்பாற்ற முடிந்தது ஒரே ஒரு பொருளைத்தான். மஞ்சள் மாத்திரை அட்டை. ஆறு மாத்திரைகள் மீதம் இருந்தன. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். அந்த அட்டையில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த மெத்தோட்ரெக்சேட் என்ற பெயரை எழுத்துக்கூட்டி என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

*

அந்தப் பெயரைப் பின்தொடர்ந்து போக எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ் படித்தவளுக்கு வேதியியல் எளிதில் வசப்படுவதில்லை. ஆனால் அந்தப் பாதையின் தொடக்கம் நான் எதிர்பாராத இடத்தில், சென்னையில் இருந்தது.

எல்லப்பிரகடா சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். இளமையிலேயே இரு சகோதரர்களை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். பாஸ்டனுக்குக் கப்பல் ஏறியபோது அவர் மனைவி கருவுற்றிருந்தார். பிறந்த ஆண் குழந்தைக்கு ஜகதீஷ் என்று பெயர். ஒன்பதாம் மாதம் அக்கி போலத் தோலில் பரவும் எரிசிபெலஸ் என்னும் தொற்றில் அந்தக் குழந்தை இறந்தது. இன்று பென்சிலின் வகை மருந்தில் குணமாகிவிடும் நோய் அது. தகப்பன் குழந்தையைப் பார்க்கவே இல்லை. சுப்பாராவ் அதன்பிறகு இந்தியாவுக்குத் திரும்பவும் இல்லை. ஹார்வர்டில் உயிரணுக்களின் ஆற்றல் பற்றிய அடிப்படை ஆய்வுகளைச் செய்தார்; அங்கே நிரந்தரப் பதவி கிடைக்காமல் 1940இல் லெடர்லே நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழுதான் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அது ஸ்ப்ரூவுக்கு மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடுவீடாகக் கொடுக்கப்பட்ட மாத்திரையும் அந்த ஆய்வகத்திலிருந்து வந்ததே.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், லுகேமியா கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, விரைந்தது. அணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. நல்ல அணுவுக்கும் தேவை, கெட்ட அணுவுக்கும் தேவை. அப்படியானால் அதைப் போலவே தோற்றம் காட்டி அதன் வேலையைத் தடுக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால்? சுப்பாராவின் குழு அத்தகைய பொருள்களைச் செய்து அனுப்பியது. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். 1947 டிசம்பர் 28 அன்று அது ஓர் ஆண் குழந்தைக்குச் செலுத்தப்பட்டது. இரட்டையரில் ஒருவன். மற்றவன் நல்ல உடல்நலத்தோடு இருந்தான். மருந்துக்குப் பிறகு இரத்தத்தில் கெட்ட அணுக்கள் குறைந்தன. படுக்கையில் கிடந்தவன் எழுந்து நடந்தான். சில மாதங்கள். பிறகு நோய் திரும்பியது, 1948இல் இறந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவும் காலமானார். ஃபார்பர் தம் முடிவுகளை 1948 ஜூனில் வெளியிட்டார். மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அமினோப்டெரினின் நெருங்கிய உறவுதான் மெத்தோட்ரெக்சேட். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை மாத்திரை.

அந்த ஆய்வுக் கட்டுரையில் அந்தச் சிறுவனுக்குப் பெயர் இல்லை. ஆர்.எஸ். என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே. புற்றுநோயின் வரலாற்றை எழுதிய சித்தார்த்த முகர்ஜி அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருந்த குழந்தையை வெகுநாள் தேடினார். கடைசியில் பெயர் கிடைத்தது அமெரிக்காவில் அன்று, டெல்லியில். சுப்பாராவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம். ராபர்ட் சாண்ட்லர். 2010இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு புலிட்சர் விருது பெற்ற அந்தப் பெரிய நூலை முகர்ஜி காணிக்கையாக்கியிருப்பது எந்த அறிஞருக்கும் அன்று. 1945இல் பிறந்து 1948இல் இறந்த அந்தக் குழந்தைக்கு.

இதைப் படித்த அன்று அக்காவைத் தொலைபேசியில் அழைத்து முழுவதையும் சொன்னேன். சுப்பாராவ் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. மருத்துவரைப் பற்றியும் கேட்கவில்லை. "அந்தப் பையன் எத்தனை மாசம் நடந்தான்?" என்று கேட்டாள். சில மாதங்கள் என்றேன். "நம்ம பாப்பா பதினாலு மாசம்" என்றாள். அவள் குரலில் இருந்தது துயரம் அன்று. முன்னே போன ஒரு பிள்ளை வெட்டிக்கொடுத்த வழியில் தன் பிள்ளை சற்றுக் கூடுதலாக நடந்தாள் என்று ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொல்லும் செய்தி அது.

*

இன்று வசதிமிக்க நாடுகளில் இந்த நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். அதே மஞ்சள் மாத்திரையோடு வேறு பல மருந்துகளும் சேர்ந்து கிடைத்த பலன். நம் நாட்டில் அந்த விகிதம் குறைவு. தாமதமாகக் கண்டறிவதும், பணம் தீர்ந்து சிகிச்சையைப் பாதியில் விடுவதும் முக்கியக் காரணங்கள். தமிழகத்தில் 2009இல் அரசு மருத்துவக் காப்பீடு வந்தது. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பாப்பா பிந்திப் பிறந்திருந்தால் என்று யாராவது சொல்லத் தொடங்கினால் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள். பிந்திப் பிறந்திருந்தால் அது வேறு குழந்தை என்பது அவள் எண்ணம். அவளுக்குக் கிடைத்தது 1997இல் பிறந்த குழந்தை.

பெரம்பலூரில் நான் பணிபுரியும் கல்லூரியில் ஆண்டுதோறும் புறநானூற்றின் 188ஆம் பாட்டை நடத்துகிறேன். பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. குறுகுறுவென்று நடந்து, சின்னக் கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் தொட்டுத் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொண்டு நம்மை மயக்கும் மக்களைப் பெறாதவர்க்கு, எத்தனை செல்வம் இருந்தாலும் வாழ்நாள் பயனற்றது என்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "பெறாதவங்களைச் சொல்லிட்டாரு அம்மா. பெத்து இழந்தவங்க எந்தக் கணக்கு?" என்று கேட்டாள். பெறாதவர்க்கு நாள் பயனற்றது என்பதே சரியா என்று வேறொரு மாணவி கேட்க, வகுப்பு அந்தத் திசையில் போய்விட்டது. முதல் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

பாட்டை மறுபடி மறுபடி படித்தபோது ஒன்று புலப்பட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து என்ன ஆகும் என்று பாண்டியன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அரசாளும், குலம் விளக்கும், முதுமையில் தாங்கும் என்று எதுவும் இல்லை. அவன் பார்ப்பது சோற்றைப் பூசிக்கொள்ளும் அந்த நேரத்தை மட்டும். வாழ்நாளுக்குப் பயன் அதிலேயே கூடிவிட்டது. அப்படியானால் பெற்று இழந்தவர்கள் பயன் பெற்றவர்கள் கணக்கிலேயே வருகிறார்கள். குழந்தையின் சாவு அந்தப் பயனைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மறதி எடுத்துக்கொள்ளும். மறந்துவிடு என்று சொல்லும்போது நாம் சாவை மட்டும் மறக்கச் சொல்வதில்லை. நெய்ச்சோற்றையும், சிப்பித் தட்டையும், "மெட்ராசுக்கு" என்ற பதிலையும் சேர்த்தே மறக்கச் சொல்கிறோம். சாகும்வரை வாழ்ந்த வாழ்க்கையையும் அந்தச் சிறிய குழியில் போட்டு மூடச் சொல்கிறோம். பெரியவர்களின் சாவில் அப்படிச் செய்வதில்லை. எண்பது வயதில் போனவரைப் பற்றி அவர் எப்படி வாழ்ந்தார் என்று பேசுகிறோம். நான்கரை வயதில் போனவளைப் பற்றி அவள் எப்படி இறந்தாள் என்று மட்டும் பேசுகிறோம், அல்லது பேசாமல் இருக்கிறோம். நான்கரை ஆண்டு அவளுக்கு வாழ்க்கையின் ஒரு பகுதி அன்று, முழுதும் அதுவே. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசியானதையும் அவள் பதினான்கு மாதம் ஆடியிருக்கிறாள்.

அக்கா மறக்கவில்லை. மறக்காமல் பிழைக்க முடியும் என்று ஊருக்குக் காட்டியவள் அவள். அடமான நிலத்தை ஆறு ஆண்டுகளில் மீட்டார்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு நாள் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு வேர்க்கடலை மிட்டாய் வாங்கிப் போவாள். நமுத்திருக்கிறதா என்று ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டே கொடுப்பாள். யாராவது என்ன விசேஷம் என்று கேட்டால் "பாப்பாவுக்குப் பொறந்த நாளு" என்பாள். முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு பழகிவிட்டார்கள். இப்போது தெருவில் சில கிழவிகள், திண்ணையில் அக்காவோடு உட்கார்ந்திருக்கும்போது, தாங்கள் இழந்த பிள்ளைகளின் பெயர்களைத் தாமாகவே சொல்கிறார்கள். ஒரு பெயர் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தது.

அக்காவுக்கு 2003இல் ஒரு மகன் பிறந்தான். இப்போது ஆறடி உயரம். தகப்பனைப் போலவே வண்டிகளில் பித்து. அவன் பாப்பாவைப் பார்த்ததில்லை. ஆனால் மிட்டாய் துப்பிய கதையும், கையைக் கடித்த கதையும், ஊஞ்சலின் நிபந்தனையும் கேட்டு வளர்ந்தவன். சென்ற பொங்கலுக்கு அவனுடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒருவன் பேச்சுவாக்கில் கேட்டான். அவன் கரும்பைக் கடித்தபடியே சொன்னான்: "ஒரு அக்கா. சின்ன வயசுலயே இறந்துட்டாங்க. ரொம்பப் பிடிவாதமாம்."